முகப் புள்ளிகள் ஏன் அசைய மறுக்கின்றன? ஒரு மாணவியின் புராஜெக்ட்டும் வெற்றிடம் உள்ள 4909 வரிகளும்

[திரையில்: கறுப்பு வெள்ளையில் ஆறு முகங்கள். ஒவ்வொன்றின் மேலும் 15 சிவப்புப் புள்ளிகள். முகங்கள் வேறு வேறு. புள்ளிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்.]

வணக்கம். இறுதியாண்டு பொறியியல் மாணவி ஒருவர் இந்தப் படத்தை அனுப்பி உதவி கேட்டிருக்கிறார். "அக்கா, முகத்தில் கண், புருவம், மூக்கு, வாய் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்கிறேன். பயிற்சியில் பிழை அழகாகக் குறைகிறது. ஆனால் யார் படத்தைக் கொடுத்தாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் விழுகின்றன. தலை சாய்ந்திருந்தாலும் மாறுவதில்லை. இன்னும் பெரிய மாடலாகப் போட்டுப் பார்க்கட்டுமா?"

வேண்டாம். படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரலான அந்த மாடலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். இந்தப் புராஜெக்ட்டில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை மாடலுக்கு வெளியே, ஆயத்தொலைவுகளில், அதாவது புள்ளிகளின் இடத்தைக் குறிக்கும் எண்களில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். எப்படி என்று அவருடைய வேலையை வைத்தே பார்ப்போம்.

[திரையில்: சி.எஸ்.வி. கோப்பின் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையின்) முதல் சில வரிகள். கடைசி நெடுவரிசையில் நீளமான எண் வரிசை.]

அவர் எடுத்திருப்பது தரவுத் தொகுப்புகளும் போட்டிகளும் வெளியாகும் காகிள் தளத்தில் உள்ள முகப் புள்ளித் தரவுத் தொகுப்பு. இந்தத் துறையில் காலடி வைக்கும் பலருக்கும் இதுதான் முதல் வாசல். பயிற்சிக்கு 7049 படங்கள். ஒவ்வொன்றும் 96க்கு 96 பிக்சல், கறுப்பு வெள்ளை. படம் தனிக் கோப்பாக இருக்காது. 9216 எண்கள் கொண்ட ஒரு நீண்ட வரியாக அதே சி.எஸ்.வி. கோப்புக்குள் இருக்கும். ஒரு முகத்துக்கு 15 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள், ஆக 30 எண்களை மாடல் சொல்ல வேண்டும்.

இதில் இடது, வலது என்பவை படத்தில் இருப்பவரின் இடமும் வலமும். ஆகவே "இடது கண்" படத்தின் வலப் பக்கத்தில் தெரியும். பார்த்ததும் ஏதோ தவறு என்று நினைத்து நெடுவரிசைகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

[திரையில்: முழுக்க வெற்றுப் பின்னணி. 15 புள்ளிகள் மட்டும், முக வடிவில்.]

எல்லாப் படங்களுக்கும் ஒரே விடையை ஒரு மாடல் ஏன் சொல்கிறது? அளவு எடுக்காமல் சட்டை தைக்கச் சொன்னால் தையற்காரர் என்ன செய்வார்? ஊரில் பெரும்பாலானோருக்கு ஏறக்குறையப் பொருந்துகிற நடுத்தர அளவில் தைப்பார். மாடலும் அப்படித்தான். படத்திலிருந்து பயனுள்ள எதுவும் அதற்குக் கிடைக்காவிட்டால், சராசரி முகத்தைச் சொல்லிவிடும். இருபடிப் பிழையை, அதாவது விடை விலகும் தூரத்தின் வர்க்கத்தைக் குறைக்கும்படி கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு மாறாத விடையால் அந்தப் பிழையை எவ்வளவு குறைக்க முடியுமோ, அவ்வளவையும் குறைப்பது சராசரிதான். இது கணிதத்தில் எளிதாக நிறுவக்கூடிய உண்மை.

ஆகவே முதல் வேலை: எந்த மாடலும் இல்லாமல், 15 புள்ளிகள் ஒவ்வொன்றின் சராசரி இடத்தை மட்டும் எடுத்து, அதையே எல்லாப் படங்களுக்கும் விடையாகச் சொன்னால் பிழை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். இந்தத் தொகுப்பில் முகங்கள் எல்லாம் நடுவில் வெட்டி வைக்கப்பட்டவை. எனவே அந்தப் பிழை வியக்கும் அளவுக்குச் சிறியதாக, நான்கு பிக்சலை ஒட்டியே வரும். உங்கள் மாடலான நியூரல் நெட்வொர்க்கின் பிழை அதைவிடக் குறையாதவரை அது படத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

[திரையில்: 0.0064 என்ற எண். அதன் வர்க்கமூலம் 0.08. பிறகு 48ஆல் பெருக்கல். விடை 3.84 பிக்சல்.]

இங்கே பலர் ஏமாறுவது ஒரு சின்ன எண்ணில். ஆயத்தொலைவுகளிலிருந்து 96இன் பாதியான 48ஐக் கழித்து, 48ஆல் வகுத்து, மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே கொண்டுவருவது வழக்கம். அதன் பிறகு பிழை 0.0064 என்று திரையில் வரும்போது மனம் மகிழ்ந்துவிடுகிறது. வர்க்கமூலம் எடுத்து 48ஆல் பெருக்குங்கள்: 3.84 பிக்சல். இந்தப் படங்களில் ஒரு கண்ணின் அகலமே ஏறத்தாழ 14 பிக்சல்தான். பிழையை எப்போதும் பிக்சலுக்கு மாற்றிப் படியுங்கள். 0.0064 என்பதைப் பார்த்து எதையும் உணர முடியாது, 3.84 பிக்சல் என்றால் கண்ணின் ஓரம் எவ்வளவு நகர்கிறது என்று உடனே தெரியும்.

[திரையில்: மீண்டும் அந்த ஆறு முகங்கள். இம்முறை நான்கு புள்ளிகள் பச்சையில், 11 புள்ளிகள் சிவப்பில்.]

இப்போது மாணவி அனுப்பிய படத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு கண்களின் மையம், மூக்கு நுனி, கீழுதட்டின் நடு ஆகிய நான்கும் படத்துக்குப் படம் சற்றே இடம் மாறுகின்றன. பச்சையில் காட்டியிருக்கிறேன். மற்ற 11 புள்ளிகள் அசையவே இல்லை. இந்த வேறுபாடு தற்செயலாக வராது. அதே நான்கு புள்ளிகள் ஏன்?

விடை தரவுத் தொகுப்பில் இருக்கிறது. 7049 படங்களில் 15 புள்ளிகளும் குறிக்கப்பட்டவை 2140 மட்டுமே. மீதி 4909 வரிகளில் ஏதோ ஒன்றாவது விடுபட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பவை இதே நான்கு புள்ளிகள்தான். மற்ற இடங்கள் வெற்றிடம்.

வெற்றிடத்தோடு பயிற்சி கொடுத்தால் பிழையும் வெற்றிடமாகிவிடும், எதுவும் நகராது. அவசரத்தில் கைக்கு எட்டும் தீர்வு, அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நிரல் நூலகத்தில் மேல் வரியில் உள்ள மதிப்பைக் கீழ் வரிக்கு இறக்கி நிரப்பும் வசதி. இந்தப் புராஜெக்ட்டுக்காகப் பகிரப்படும் பல நிரல்களில் அந்த ஒற்றை வரியைப் பார்க்கலாம். இவரும் அங்கிருந்தே எடுத்திருக்கிறார்.

[திரையில்: கோப்பின் வரிகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன. ஒரு வரியில் 15 புள்ளிகளும் இருக்கின்றன. அடுத்த வரியிலிருந்து 11 புள்ளிகளுக்கான கட்டங்கள் காலி. மேலே உள்ள எண்கள் கீழே வழிந்து காலிக் கட்டங்களை நிரப்புகின்றன.]

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். அது நிரப்பும் எண்கள் வேறொருவரின் முகத்துடையவை. நான்கு புள்ளிப் படங்கள் பெரும்பாலும் கோப்பின் பின்பகுதியில் அடுத்தடுத்து வருவதால், முழுமையாகக் குறிக்கப்பட்ட கடைசி முகத்தின் புருவமும் கண் ஓரமும் வாயோரமும் ஆயிரக்கணக்கான முகங்கள் மேல் அப்படியே ஒட்டப்படுகின்றன. மாடல் பாவம், சொல்லிக் கொடுத்ததைத்தான் கற்றது. புருவம் எப்போதும் அங்கேதான் இருக்கும் என்று நாமே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அடுத்த செய்தி. நிரப்பிய பிறகுதான் அவர் சரிபார்ப்புப் படங்களை, அதாவது பயிற்சியில் சேர்க்காமல் சோதிக்க ஒதுக்கும் படங்களைப் பிரித்திருக்கிறார். அங்கேயும் அதே நகல் எண்கள். மாடல் தவறான இடத்தைச் சொல்கிறது, ஒப்பிடும் விடையும் அதே தவறான இடம். அதனால்தான் பிழை அழகாகக் குறைந்தது. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை மாதமானாலும் இது வெளியே தெரியாது. பத்துப் பயிற்சிப் படங்களின் மேல் புள்ளிகளை வரைந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எப்படிச் சரிசெய்வது? எளிய வழி, முழுமையான 2140 படங்களை மட்டும் வைத்துத் தொடங்குவது. தொகுப்பு சிறியதுதான், ஆனால் நேர்மையானது. முதல் முடிவை இதில் எடுத்துவிடுங்கள்.

மற்ற படங்களையும் பயன்படுத்த விரும்பினால், குறிக்கப்பட்ட புள்ளிகளுக்கு மட்டும் பிழையைக் கணக்கிட வேண்டும். புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம் என்று ஒரு முகமூடி அட்டவணை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெற்றிட மதிப்பைச் சுழியத்தால் பெருக்கினாலும் கணினிக்கு அது வெற்றிடமாகவே இருக்கும், சுழியம் ஆகாது. ஆகவே முதலில் முகமூடியை உருவாக்குங்கள், பிறகு வெற்றிடங்களில் சுழியத்தை இடுங்கள், அதன் பிறகு பெருக்குங்கள். கடைசியில் மொத்த எண்ணிக்கையால் வகுக்காமல், உண்மையில் இருந்த புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதில் ஒரு படி வரிசை மாறினாலும் பயிற்சி கெட்டுவிடும்.

[திரையில்: ஒரு முகமும் அதன் கண்ணாடிப் பிம்பமும். இரு படங்களிலும் இடது கண் நீலம், வலது கண் மஞ்சள்.]

2140 படம் குறைவு என்றவுடன் எல்லோரும் செய்வது, படத்தை இடவலமாகத் திருப்பி இரட்டிப்பாக்குவது. நல்ல யோசனை. எக்ஸ் மதிப்பை 95லிருந்து கழித்தால் புள்ளி சரியான இடத்துக்குப் போகும். ஆனால் பெயர்? திருப்பிய படத்தில் இடது கண் இப்போது வலது கண்ணாகிவிட்டது. இந்த 15இல் ஆறு இணைகளை இடம் மாற்ற வேண்டும்: கண் மையம், கண்ணின் உள் ஓரம், வெளி ஓரம், புருவத்தின் உள் முனை, வெளி முனை, வாயோரம். மூக்கு நுனி, மேலுதட்டின் நடு, கீழுதட்டின் நடு மூன்றும் அப்படியே இருக்கும்.

இதை மறந்தால் ஓர் அடையாளம் தெரியும்: கண் புள்ளிகள் இரண்டும் மூக்குத் தண்டை நோக்கி நெருங்கிவரும். பாதிப் படங்களில் இடது கண் ஒரு பக்கம், மீதிப் படங்களில் மறுபக்கம் என்று கற்பித்தால் இரண்டுக்கும் சராசரி நடுவில்தானே?

[திரையில்: ஐந்து முகங்கள் மட்டும். புள்ளிகள் மெல்ல நகர்ந்து சரியான இடங்களில் பதிகின்றன.]

தரவைச் சுத்தம் செய்த பிறகு ஐந்தே படங்களை எடுத்து, அவற்றை மட்டும் மாடல் மனப்பாடம் செய்யட்டும். பயிற்சியின்போது மாடலின் சில பகுதிகளைத் தற்செயலாக அணைத்துவைக்கும் டிராப்அவுட் வேண்டாம், படங்களைத் திருப்புவதும் வேண்டாம். பிழை சுழியத்தை நெருங்க வேண்டும், புள்ளிகள் அச்சாகப் பொருந்த வேண்டும். ஐந்து படங்களையே மனப்பாடம் செய்ய முடியாத மாடலுக்கு ஆயிரம் படங்கள் கொடுப்பது வீண். இங்கே தோற்றால் பார்க்க வேண்டியவை: படங்களும் விடைகளும் தனித்தனியே கலைக்கப்பட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயினவா, பிக்சல்களை 255ஆல் வகுத்தீர்களா, ஒவ்வொரு படியிலும் மாடல் எவ்வளவு மாறுகிறது என்ற கற்றல் வீதம் மிக அதிகமா. என் கருத்தில் இந்தச் சோதனை எந்தப் புதிய மாடலைவிடவும் மதிப்புள்ளது.

[திரையில்: மடிக்கணினி கேமராவில் ஒரு முகம். அதைச் சுற்றி ஒரு பெட்டி.]

அடுத்த தடுமாற்றம், நேரடிக் காட்சி காட்டும் நாளில் வரும். சோதனைப் படங்களில் நன்றாக வேலை செய்த மாடல் கேமராவுக்கு முன்னால் குழம்பும். உங்கள் மாடல் முகத்தைத் தேடாது. வெட்டிக் கொடுத்த முகத்தில் புள்ளிகளைத்தான் தேடும். ஆகவே முதலில் ஒரு முகங்காண் நிரல், பிறகு பயிற்சிப் படங்களில் இருந்த அதே அளவு ஓரம் விட்டு வெட்டுதல், கறுப்பு வெள்ளையாக்குதல், 96க்குச் சுருக்குதல். வந்த விடையை முதலில் 48ஆல் பெருக்கி, 48ஐக் கூட்டிப் பிக்சலாக்குங்கள். அதைப் பெட்டியின் அகலத்தால் பெருக்கி, 96ஆல் வகுத்து, பெட்டியின் இட ஓரத்தைக் கூட்டினால்தான் முழுப்படத்தில் எக்ஸ் கிடைக்கும். ஒய்யும் அப்படியே, உயரத்தையும் மேல் ஓரத்தையும் வைத்து. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகத்தில் படத்தின் அளவைக் கேட்டால் உயரம் முதலில் வரும், அகலம் அடுத்து. புள்ளி வரையும்போது எக்ஸ் முதலில். இந்த வேறுபாட்டைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

பெட்டியின் அளவு இவ்வளவு முக்கியமா என்று கேட்டால், ஆம். முகங்காண் வசதிகள் தரும் டிலிப் நூலகத்தோடு பலரும் பயன்படுத்தும் 68 புள்ளி மாடலைப் பாருங்கள். ஸ்வீடனில் ஆய்வு செய்த கசேமி, சல்லிவன் இருவரும் 2014இல் வெளியிட்ட முறையின் வழியில் அமைந்தது. சராசரி முகத்தைப் பெட்டிக்குள் வைத்துத் தொடங்கி, ஆம், இல்லை கேள்விகளால் கிளைக்கும் முடிவு மரங்களின் உதவியால் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும். ஆக சராசரி முகம் நல்ல தொடக்கம்தான். அங்கேயே நின்றுவிடுவதுதான் நோய். அந்த மாடல் டிலிப்பின் சொந்த முகங்காண் நிரல் தரும் பெட்டிகளை வைத்தே பயிற்சி பெற்றது. வேறு நிரலின் பெட்டியைக் கொடுத்தால் துல்லியம் குறையும். இன்னொன்று, அதன் பயிற்சிக்குப் பயன்பட்ட தரவை வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் இல்லை. கல்லூரிப் புராஜெக்ட்டுக்குத் தடையில்லை. அதையே விற்கும் செயலியாக்க நினைப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட வேண்டும்.

நண்பர்களின் முகங்களை வீடியோ எடுத்துச் சொந்தத் தொகுப்பு உருவாக்குவோர் இரண்டைக் கவனியுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த சட்டகங்கள் இரண்டு பக்கமும் இருந்தால், கிடைக்கும் துல்லியம் பொய்.

[திரையில்: ஒரு முகத்தில் இரண்டு கண்களின் வெளி ஓரங்களை இணைக்கும் கோடு.]

அறிக்கையில் பிழையை எழுதும்போது பிக்சல் மட்டும் போதாது. 96 பிக்சல் படத்தில் நான்கு பிக்சல் என்பது பெரிய தவறு. ஆயிரம் பிக்சல் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எனவே சராசரிப் பிழையை இரு கண்களின் வெளி ஓரங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்துச் சொல்வது இத்துறையில் வழக்கம். சிலர் கண் மையங்களுக்கு இடையிலான தூரத்தை எடுப்பார்கள். அது சிறியது என்பதால் பிழை பெரிதாகத் தெரியும். எதை எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். மிக மோசமாக வந்த பத்துப் படங்களையும் அறிக்கையில் சேருங்கள். தேர்வாளர் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். உங்கள் மாடலை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

[திரையில்: மாணவியின் புதிய படம். சாய்ந்த முகத்தில் சாய்ந்த புருவப் புள்ளிகள்.]

நிரப்பும் வரியை நீக்கிவிட்டு 2140 படங்களில் மட்டும் பயிற்சி கொடுத்த பிறகு அவருக்குக் கிடைத்தது இது. அதே மாடல், ஒரு அடுக்குகூட மாறவில்லை.

நீங்களும் இப்படி எங்கேயாவது சிக்கி யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால், "என் மாடல் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பயிற்சிப் படங்கள் பத்தின் மேல் உண்மையான புள்ளிகளை வரைந்து அனுப்புங்கள். அதே படங்களில் மாடல் சொன்ன புள்ளிகளை வேறு நிறத்தில் வரையுங்கள். சராசரி முகத்தின் பிழையும் உங்கள் பிழையும் பிக்சலில். ஐந்து படச் சோதனை என்ன ஆனது என்று ஒரு வரி. நிரல் முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. கோப்பைப் படித்து, வெற்றிடங்களைக் கையாண்டு, படத்தையும் புள்ளிகளையும் மாடலுக்குக் கொடுக்கும் அந்தச் சில வரிகள் போதும்.