ஓஎஸ் போட்டாச்சு, ஆனால் பூட் ஆகவில்லையா? மறுபடி போடாதீர்கள்!

வணக்கம்ங்க. இன்றைக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நல்ல மழை. ஏரி, லேடீஸ் சீட் எல்லாம் வரும் என்று காத்திருக்காதீர்கள், இன்று முழுக்க இந்தக் கறுப்புத் திரைதான்.

மாமா இங்கே கணக்கு எழுதும் ரைட்டர். பழம் எடுக்கும் சீசன், தினமும் எடை போட்டுக் கூலிக் கணக்கு எழுத வேண்டும். வின்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதால், சேலத்தில் ஒரு கடையில் கொடுத்துப் எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் மாட்டி, வின்டோஸ் 11 போட்டு வாங்கி வந்தார். கடையில் ஓடியதாம். பழைய ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறது என்று, கொடுக்கும்போது அதைக் கழற்றிக் கவரில் போட்டுத் தந்திருக்கிறார்கள். இங்கே ஆன் செய்தால், பூட் செய்ய எந்த டிவைஸும் இல்லை என்று ஒரே வரி. அதாவது, வின்டோஸைத் தொடங்க எதுவும் கிடைக்கவில்லையாம்.

"மறுபடியும் ஓஎஸ் போட்டுடு மாப்ளே" என்கிறார் மாமா. வேண்டாம் மாமா. கழற்றிய டிஸ்க் என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே பாதி விஷயம் வந்துவிட்டது.

முதலில் ஆன் செய்ததுமே டெலிட் கீயைத் தட்டி, பயாஸ் என்கிற மதர்போர்டு செட்டிங் திரைக்குள் போகிறேன். சில மெஷினில் எஃப்2 இருக்கும். இங்கே பாருங்கள், எஸ்எஸ்டி பெயர் தெரிகிறது. அப்படியென்றால் டிஸ்க்கும் கேபிளும் பெரும்பாலும் சரி. ஆனால் பூட் லிஸ்டில் 'வின்டோஸ் பூட் மேனேஜர்' இல்லை. இதுதான் துப்பு.

யூஈஎஃப்ஐ என்பது பயாஸின் புதிய வடிவம். அந்த முறையில் கம்ப்யூட்டர் நேராக சி டிரைவைத் தேடிப் போகாது. டிஸ்க்கில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும், வழக்கமாக 100 எம்பி, ஃபேட்32 ஃபார்மேட். பூட் ஃபைல்கள் அதில்தான் கிடக்கும். வின்டோஸ் போடும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பகுதியையே செட்டப் எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒன்று உருவாக்காது. கேட்கவும் கேட்காது! வீடு புதிது, சாவி மட்டும் பழைய வீட்டில். இரண்டும் மாட்டியிருக்கும் வரை கடையில் எல்லாம் ஓடும். பழையதைக் கழற்றிய நிமிடம் போச்சு. அதனால்தான் ஓஎஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்வது.

சரி, வேலைக்கு வருவோம். வின்டோஸ் பென் டிரைவில் பூட் செய்கிறேன். பூட் மெனுவில் பென் டிரைவ் பெயருக்கு முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும் வரியையே எடுங்கள். முதல் திரை வந்ததும் ஷிஃப்ட் எஃப்10. கமாண்ட் பிராம்ப்ட் திறந்துவிட்டது. டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கமாண்டை அடிக்கிறேன், அப்புறம் லிஸ்ட் டிஸ்க். எஸ்எஸ்டிக்கு நேராக ஜிபிடி என்ற தலைப்பின் கீழே நட்சத்திரம் இருக்கிறது. டிஸ்க் யூஈஎஃப்ஐக்கு ஏற்ற புது முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், நல்லது. லிஸ்ட் வால்யூம் கொடுத்தால் எஸ்எஸ்டியில் ஃபேட்32 பகுதியே இல்லை. நினைத்தது சரி.

இனி சி வால்யூமைத் தேர்ந்தெடுத்து 300 எம்பி சுருக்குகிறேன். அந்த இடத்தில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, எஸ் என்று எழுத்து கொடுக்கிறேன். கமாண்டுகள் திரையில் இருக்கின்றன, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எந்த டிஸ்க் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இங்கே 'அன்டூ' கிடையாது. அப்புறம் வெளியே வந்து பிசிடிபூட் கமாண்ட். சி டிரைவின் வின்டோஸ் ஃபோல்டரிலிருந்து பூட் ஃபைல்களை எஸ்-க்குக் காப்பி செய், யூஈஎஃப்ஐ முறையில் என்று அதற்குச் சொல்கிறோம். பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது சி என்கிற எழுத்து மாறியிருக்கலாம், அதையும் கவனியுங்கள். ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று வந்துவிட்டது.

ரீஸ்டார்ட். லோகோ... சுற்றுகிறது... வந்தாச்சு மாமா!

உங்களுக்கு இதே கதையாக இருக்க வேண்டும் என்றில்லை. டிஸ்க் ஜிபிடி இல்லாமல் எம்பிஆர் என்கிற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், ஓஎஸ் யூஈஎஃப்ஐக்கு முந்தைய லெகசி முறையில் ஏறியிருக்கும், பயாஸ் யூஈஎஃப்ஐ மட்டும் என்று நிற்கும். அதற்கு டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற டூல் வின்டோஸிலேயே இருக்கிறது, 2017-ல் வந்த வின்டோஸ் 10-இன் 1703 வெர்ஷனிலிருந்து. பயாஸில் தேதி தானாகப் பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் செட்டிங் எல்லாம் பழையபடி மாறி இதே பிழை வரலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் சி டிரைவே திறக்காது.

மாமாவின் கூலிக் கணக்கு பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. இப்போது அதை மாட்டுகிறேன். பூட் மெனுவில் இரண்டு பூட் மேனேஜர் தெரியும். எஸ்எஸ்டி பெயர் போட்டதை மேலே ஏற்றிவிட்டேன். முதலில் ஷீட்டுகள் எல்லாம் காப்பி ஆகட்டும். சத்தம் போடுகிற டிஸ்க்கை நம்பி உட்கார முடியாது. அதிலிருக்கும் ஈஎஃப்ஐ பகுதியை இன்றைக்கு அழிக்கவில்லை, பழம் எடுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.