கண் சொல்வதை மூளை கேட்கிறதா? எல்.ஜி.என்னில் நடக்கும் கூத்து!

வணக்கம் மக்களே! ஒரு கண்ணிலிருந்து மூளைக்குக் கிளம்பும் நரம்பு இழைகள் சுமார் 10 லட்சம். அவற்றில் பெரும்பாலானவை இறங்குகிற ஸ்டேஷனில், கண்ணுக்கு என்று இருக்கும் இணைப்புகள் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான். மீதியெல்லாம் யாருடையது? சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

ஸ்டேஷன் பெயர் லேட்டரல் ஜெனிகுலேட் நியூக்ளியஸ். சுருக்கமாக எல்.ஜி.என். மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதியின் பின்பக்க அடியில், இடம் வலம் ஆளுக்கொன்று, ஏறத்தாழ வேர்க்கடலை அளவு. மடக்கிய முழங்கால் போல இருப்பதால் லத்தீனில் இந்தப் பெயர். சரி, போதும்.

[திரையில்: வெட்டுத் தோற்றம்]

பிய்த்த பரோட்டா மாதிரி ஆறு அடுக்கு தெரிகிறதா? வலது எல்.ஜி.என்னுக்கு வருவது நம் பார்வையின் இடது பாதி மட்டும். ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் வருகிறது. கீழிருந்து எண்ணினால் 1, 4, 6 இடது கண்ணுக்கு. 2, 3, 5 வலது கண்ணுக்கு. ஒரு கண்ணின் இழை இன்னொன்றின் அடுக்கில் கால் வைக்காது. இத்தனை கறாராகப் பிரித்தும், ஆறு அடுக்கையும் துளைத்து நேராக ஓர் ஊசியை இறக்கினால், அது தொடுவதெல்லாம் காட்சியின் ஒரே புள்ளி! ஆறு வரைபடங்களைக் கோணாமல் அடுக்கி வைத்த மாதிரி. எனக்கு இதைப் பார்த்தால் இன்னும் சிலிர்க்கும்.

கீழ் இரண்டு அடுக்கில் பெரிய செல்கள்: அசைவைச் சட்டென்று பிடிக்கும், நிறம் தெரியாது. மேல் நான்கில் சிறியவை: நிறம், நுணுக்கம். இடுக்குகளில் 'தூசி' என்று பெயர் வாங்கிய பொடி செல்கள். பாவம், நீலத்தைப் பார்க்க அவையும் உதவுகின்றன.

இப்போது அந்த மீதி. காட்சியை அலசும் மூளையின் மேலுறையான பார்வைப் புறணி, மூளைத்தண்டு, பக்கத்து நரம்பு செல்கள் எல்லாம் இங்கே ஆள் அனுப்பியிருக்கின்றன. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுதான். மாப்பிள்ளை ஒருவர், கருத்து சொல்ல ஒன்பது பேர். ஆனாலும் விஷயத்தைச் சொல்வது மாப்பிள்ளைதான். கண்ணின் இணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு, வலு அதிகம். அந்த ஒன்பது பேர் சத்தத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். நீங்கள் விழித்திருக்கும்போது மூளைத்தண்டு கதவைத் திறந்து வைக்கும். தூங்கினால் சாத்திவிடும். ஆக, இது வெறும் தபால் நிலையம் என்று எழுதும் பாடப்புத்தகங்களோடு எனக்குச் சண்டைதான்.

வலது எல்.ஜி.என்னில் 1, 4, 6 எந்தக் கண்? மேலே ஏறிப் பார்க்காமல் கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில் இதன் பக்கத்து வீட்டுக்காரர், காதுக்கு வேலை செய்யும் மீடியல் ஜெனிகுலேட்.