கனவில் உலகம் அழிந்தால் பஞ்சாங்கத்தைத் தேடாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம்.

உலகம் அழிவதாக வரும் கனவு, வரப்போவதைச் சொல்கிறதா, மனசில் இருப்பதைச் சொல்கிறதா? இதுதான் தலைப்பு. வரப்போவதைத்தான் என்று எதிரணி அக்கா பேசி முடித்தார். நன்றாகவே பேசினார், பாண்டிமாதேவியின் கனவை அவர் சொன்னபோது எனக்கும் சிலிர்த்தது. குடையும் செங்கோலும் விழுகின்றன, வாசல் மணி நடுங்குகிறது, எட்டுத் திசையும் அதிர்கிறது, சூரியனை இருட்டு விழுங்குகிறது, ராத்திரியில் வானவில், பகலில் நட்சத்திரம் விழுகிறது. அப்புறம் மதுரை எரிந்ததே, பலித்ததா இல்லையா என்று கேட்டார்.

அக்கா, சிலப்பதிகாரத்தை வரிசையாகப் பாருங்கள். அரசி அந்தக் கனவைத் தோழியிடம் சொல்லும்போது கோவலன் ஏற்கெனவே வெட்டுப்பட்டாயிற்று. கண்ணகி அழுதுகொண்டே வீதியில் வருகிறாள், வளையாத செங்கோல் வளைந்துவிட்டதே என்று ஊரே புலம்பி முடித்துவிட்டது. விசாரிக்காமல் ஒரு உயிரை எடுத்த அரண்மனையில்தான் அந்தக் கனவு சொல்லப்படுகிறது. நடந்து முடிந்த அநியாயத்தின் கனம் அது, நாளைய செய்தி இல்லை.

அடுத்து அவர் சொன்னது கார்ல் யுங். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர், 1913 அக்டோபரில் ரயிலில் போகும்போது, வடகடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நடுவில் இருக்கிற நாடெல்லாம் வெள்ளத்தில் மூழ்கி, பிணங்கள் மிதந்து, தண்ணீர் ரத்தமாக மாறுவதாகக் காட்சி கண்டார். 1914இல் உலகப் போர் வந்தது. சரி. ஆனால் 1913 எப்படிப்பட்ட வருஷம்? பால்கன் நாடுகளில் அப்போதுதான் இரண்டு போர்கள் நடந்து முடிந்திருந்தன, பெரிய நாடுகள் எல்லாம் ஆயுதம் சேர்த்துக்கொண்டிருந்தன, அந்த மனிதரோ குருவாக மதித்த ஃபிராய்டோடு உறவை முறித்துக்கொண்டு நின்றார். தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்றுதான் அவரே முதலில் பயந்தார். வெளியிலும் உள்ளேயும் இடிந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த காட்சி அது.

இவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், நம் ஊத்தங்கரைக்கு வாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கம், ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வந்த தண்ணீர், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதை இங்கே இருப்பவர்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். அதைப் பார்த்த ஒரு பிள்ளைக்கு அப்புறம் உலகமே தண்ணீரில் போவதாகக் கனவு வந்தால், அது அடுத்த பிரளயத்துக்கான அறிவிப்பா? அந்தப் பிள்ளை இன்னும் அந்த ராத்திரியிலேயே நிற்கிறது என்றுதானே அர்த்தம்? அதைப் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன பார்த்தாய் என்று கேட்காமல் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தால், நாளைக்கு மழை தூறினாலே அது நடுங்கும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்றும் சொன்னார்கள். நாம் தூங்கும்போது கண்மணிகள் இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, 1953இல் சிகாகோவில் கண்டுபிடித்து எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும், விடியல் நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீளும். பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அந்த நேரத்தில் மும்முரமாக வேலை செய்கிறது, நிதானமாக யோசிக்கிற முன்பகுதி அடங்கியிருக்கிறது. அதனால்தான் வானம் இடிந்து விழுந்தாலும் கனவில் நாம் சந்தேகப்படுவதில்லை. அதிலிருந்து நேராக விழித்துக்கொள்வதால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருக்கும் கனவைத்தான் பலித்ததா என்று பார்க்கிறோம், மறந்துபோனவை கணக்கிலேயே வருவதில்லை.

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்ந்தபோது உலகம் முடிந்தது என்று இந்தியா முழுக்க யாகம் செய்தார்கள். 2012 டிசம்பர் 21 மாயன் காலண்டர் பயம் உங்களுக்கே தெரியும். அப்போதெல்லாம் எத்தனை பேர் அழிவைக் கனவு கண்டு அலறி எழுந்திருப்பார்கள்! மறுநாள் வழக்கம்போலப் பால் கறந்தார்கள், பஸ் ஏறினார்கள். அந்தக் கனவுகளைப் பற்றி இன்றைக்கு ஒருவரும் பேசுவதில்லை.

அப்படியானால் கனவுக்கு அர்த்தமே இல்லையா என்று கேட்டால், எங்கள் அணி அப்படிச் சொல்லவே இல்லை. நிறைய அர்த்தம் இருக்கிறது, கனவு கண்டவரிடம் இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்குப் பூமி பிளக்கிறது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பூ கருகிப்போன வருஷத்தில் ஒருவருக்கு வானத்திலிருந்து நெருப்பு கொட்டுகிறது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணுக்கு எல்லோரும் செத்து அவள் மட்டும் மிஞ்சுகிறாள். மூன்று பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி வேறு வேறு. கனவுப் பலன் புத்தகத்தில் மூன்றுக்கும் ஒரே வரிதான் இருக்கும்.

திரும்பத் திரும்ப வருகிறதா, அதற்கும் வழி இருக்கிறது. கனவை எழுதி, முடிவை மட்டும் நமக்குப் பிடித்தபடி மாற்றி, பகலில் தினமும் சில நிமிடம் அந்தப் புதுக் கனவை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கே இது உதவியிருக்கிறது. தூக்கமே போய்விட்டது என்றால் 14416க்குப் போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மணி அடித்துவிட்டார்கள் ஐயா. எதிரணியில் அடுத்து வருபவர் 2004 சுனாமியை எடுப்பார் என்று தெரியும், அதற்கு எங்கள் அணித் தம்பி பதில் வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.