கெணத்துப் படிதான் எங்களுக்கு காலண்டர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. மைக் பின்னாடி வரைக்கும் கேக்குதுங்களா? சரிங்க.

கோடை லீவு முகாம், பசங்களுக்கு தோட்டத்து வாழ்க்கைய பத்தி பேசோணும்னு சொல்லி கூப்புட்டாங்க. வர்ற வழியில பஸ்ல ஒரு தம்பி கேட்டாப்ல, "அண்ணா, சித்திரை வைகாசியில வெள்ளாமையே கெடையாதே, அப்ப தோட்டத்துல என்னதான் பண்ணுவீங்க, தூங்குவீங்களா"ன்னு. மத்தியானம் தூங்குவோம், அத மறைக்க முடியாதுங்க. ஆனா மீதி நேரம் பூராவும் ஒரே வேலைதான், இருக்கற தண்ணிய யாருக்கு முதல்ல, யாருக்கு கடைசியிலன்னு பங்கு போடற வேலை. அதைத்தான் பேசலாம்னு வந்திருக்கேன்.

எங்க தோட்டம் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால. பெரிய பண்ணையம்னு நெனச்சுக்காதீங்க, ஒரு சாளை, அதான் தோட்டத்து வீடு, ஒரு கெணறு, நாலு மாடு, முப்பது செம்மறி, கொஞ்சம் தென்னை, மீதி கொறங்காடு, அதான் ஆடு மாடு மேயற காடு. எங்க பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதுவும் பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையில பேஞ்சு முடிஞ்சுரும், அதுக்கப்புறம் சித்திரை வரைக்கும் அந்தத் தண்ணியவே இழுத்துப் பிடிச்சு ஓட்டோணும்.

எங்க அப்பாரு படிச்சவரு இல்லீங்க. ஆனா கெணத்துப் படிய வெச்சு ஒரு சட்டம் போட்டிருந்தாரு. தண்ணி எறங்கி மேல இருந்து பதினோராவது படி வெளிய தெரிஞ்சா வெங்காயத்துக்கு தண்ணி நிறுத்து. பதினாலாவது படி தெரிஞ்சா வாசல்ல இருக்கற கத்திரி, தக்காளி எல்லாத்தையும் விட்டுரு. பதினேழு தெரிஞ்சுதுன்னா தென்னைக்கு பாதி, மட்டைய வெட்டி மரத்தச் சுத்தி மூடாக்கு போடு. அதுக்கும் கீழ போனா மாட்டுக்கும் ஆட்டுக்கும் மனுசனுக்கும் மட்டும்தான், அதுலயும் மாடு குடிச்சப்புறம்தான் நீ குளிக்கறதெல்லாம். ஒரு மாடு வெயில் நாள்ல 50 லிட்டருக்கு மேல குடிக்கும், நாலு மாட்டுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, ஆட்டுக்கு தனி. ராத்திரி பூரா ஊறுன தண்ணி விடியக்காலையில முக்கா மணி நேரம் மோட்டார் ஓடற அளவுக்குத்தான் இருக்கும்.

அதனால நாலரைக்கு எந்திரிச்சா முதல் வேலை தொட்டி தேய்க்கறதுதான், பாசி புடிச்சா மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கும், அதுக்கு நம்மள விட ரோஷம் ஜாஸ்தி. அப்புறம் கட்டுத்தரை சாணி அள்ளி, பால் கறந்து, அடுக்கி வெச்ச தட்டுப்போர்ல இருந்து சோளத்தட்டு உருவிப் போட்டு, ஏழு மணிக்குள்ள பட்டிய தொறந்து ஆட்ட இட்டேரி, அதான் ரெண்டு வேலிக்கு நடுவால போற தடம், அது வழியா கொறங்காட்டுக்கு ஓட்டிறோணும்.

கொறங்காடுன்னா சும்மா கெடக்கற காடுன்னு டவுன்ல நெனைக்கறாங்க. இல்லீங்க. சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், இது மூணும் சேந்து ஒரு ஏற்பாடு. புல்லு காஞ்சு வைக்கோல் மாதிரி நின்னாலும் ஆடு மேயும். சரியா புல்லு தீர்ற நேரத்துல வெள்வேலங்காய் பழுத்து உதிர ஆரம்பிக்கும். தொரட்டி போட்டு ஒரு கிளைய ஆட்டுனீங்கன்னா சலசலன்னு கொட்டற சத்தத்துக்கே முப்பது ஆடும் எங்கிருந்தாலும் ஓடியாரும். காய தின்னுட்டு கொட்டைய புழுக்கையில போடும், அடுத்த மழைக்கு அது மொளைக்கும். நாத்து விட்டது யாரு? ஆடு.

பதினோரு மணிக்கு மேல பாத்தீங்கன்னா மேய்ச்சலே நின்னுரும். எல்லா ஆடும் ஒரு மரத்தடியில வட்டமா நெருக்கி நின்னு, ஒண்ணோட தலைய இன்னொண்ணு வயித்துக்கு அடியில சொருகிக்கும், மரத்து நெழல் போக ஒண்ணுக்கொண்ணு நெழல் குடுத்துக்குது, தூரத்துல இருந்து பாத்தா தலையே இல்லாத ஆட்டுக்கூட்டம் மாதிரி இருக்கும். நாங்களும் அப்ப சாளைக்கு வந்து கம்மஞ்சோத்த மோர்ல கரைச்சு, சின்ன வெங்காயத்த கடிச்சுக்கிட்டு குடிச்சுட்டு படுத்துருவோம். ஒணத்தியா, நல்லா இருக்கும்ங்க, ஏசி எல்லாம் தேவைப்படாதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஓட்டு வீட்டுக்குள்ளயும் வேர்க்கத்தான் செய்யும்.

கஷ்டகாலமும் உண்டு. 2016ல ஐப்பசி மழை பொய்ச்சுப் போச்சு, 2017 ஜனவரியில தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. அந்த வைகாசியில கரண்ட் ஏறி எறங்கி எங்க மோட்டார் புகைஞ்சுருச்சு. காயில் கட்டக் குடுத்தா இன்னைக்கு நாளைக்குன்னு ஒம்பது நாள் இழுத்தாங்க. ஒம்பது நாளும் ட்ராக்டர் டேங்கர்ல காசுக்கு தண்ணி வாங்குனோம். மோட்டார் புகையறதுக்கு முன்னாடியே, வறட்சியில கட்டுப்படியாகாம, ஒரு மாட்ட கண்ணபுரம் மாரியம்மன் தேர் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போலாமான்னு பேச்சு வந்துச்சு, எங்கம்மாதான், அது செனையா இருக்குது, கழுத்துக்கயித்த தொடாதேன்னு ஒரே பேச்சுல முடிச்சுருச்சு. ஆடி மாசம் கன்னு போட்டுச்சு. காங்கயம் கன்னு பொறக்கறப்ப செவப்பா இருக்கும், ஆறு மாசத்துல வெளுத்து சாம்பல் நெறத்துக்கு வந்துரும். எம் பொண்ணு அப்ப சின்னப்புள்ள, "அப்பா, கன்னுக்குட்டி சாயம் போகுது, கடையில திருப்பிக் குடுத்துரலாம்"னு அழுதுச்சு!

நடுவுல ஒரு கோடை மழை வந்தா மட்டும் எல்லாம் தலைகீழ். மறுநாளே ஏரப் பூட்டிரோணும், இப்ப ட்ராக்டர்தான். சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சும்மா சொல்லல, சரிவுக்கு குறுக்கால உழுது போட்டா அடுத்த மழை ஓடாம உள்ள எறங்கும், மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு எல்லாம் மேல வந்து வெயில்ல காயும், ஏர் பின்னாடியே கொக்கும் மைனாவும் நடந்து வந்து பொறுக்கித் தின்னும். இப்ப மயிலும் சேந்துக்குச்சு, ஆனா அது புழுவோட நிக்கறதில்ல, விதைச்சதையும் கெளறிருது, அத பத்தி பேச ஆரம்பிச்சா இன்னொரு கூட்டம் போடோணும்.

வைகாசி கடைசியில ஒரு நாள் மேக்கால இருந்து பாலக்காட்டுக் கணவாய் காத்து திரும்பும். மழை அந்தப் பக்கமே பேஞ்சுரும், எங்களுக்கு காத்து மட்டும்தான். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி வாசல்ல கயித்துக்கட்டில் போட்டவன் போர்வை தேடுவான். இந்த வருஷம் இன்னும் திரும்பலீங்க. நேத்து எட்டிப் பாத்தேன், பதினஞ்சாவது படி தெரியுது.

கேள்வி இருந்தா சுருக்கா கேளுங்க கண்ணுகளா. பத்தரைக்கு மோட்டார் ஓடற த்ரீ பேஸ் கரண்ட் வருது, அதுக்குள்ள நான் மோட்டார்கிட்ட இருக்கோணும்.