யூதர் வீடும் நம் மொட்டைமாடியும்

(வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுத்த பந்தல்காரத் தம்பி அவர்களே, இடம் கொடுத்த நூலகர் அவர்களே, நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் என் பழைய மாணவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தியதற்குத் தனி நன்றி. துண்டு துவட்டவாவது உதவும்.

போன மாதம் ஜப்பானியர் வீட்டைப் பற்றிக் கேட்டோம். இந்த மாதம் யூதர் வீடு என் பங்குக்கு வந்தது. ஒரு வீடு எப்படி மனதுக்கு இதமாகவும் புனிதமாகவும் ஆகிறது என்று வாசல், சமையலறை, மேசை, மாடி என நான்கு பகுதியாகப் பேசுவேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். முடிந்தவரை பார்ப்போம்.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்.’ என்னிடம் படித்தவர்களுக்கு இந்தப் பழமொழி அலுத்திருக்கும். ஆனால் இதே வரிசையை யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்முதும் சொல்கிறது. முதலில் வீடு, அடுத்து திராட்சைத் தோட்டம், அப்புறம்தான் கல்யாணம். போருக்குப் போகாமல் திரும்பிவிடலாம் என்று யார் யாருக்கு விலக்கு கொடுத்தார்கள் என அவர்கள் வேதத்தின் ஒரு நூலான உபாகமத்தில் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலின் வரிசையிலிருந்து ரபிகள், அதாவது யூத மத குருமார்கள், எடுத்த பாடம் இது. அவர்கள் கல்யாணத்திலேயே ஒரு வீடும் இருக்கிறது. மணமக்கள் நிற்கும் ஹுப்பா என்பது நான்கு கம்பும் மேலே ஒரு துணியும். சுவரே இல்லாத வீடு. சுவர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

வாசல். உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலைக்காலில், மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு சின்னக் கூடு பொருத்தியிருப்பார்கள். பெயர் மெசூசா. உள்ளே தோலில் கையால் எழுதிய 22 வரிகள் சுருட்டி வைத்திருக்கும். ‘இஸ்ரவேலே கேள்’ என்று தொடங்கும் வேதப் பகுதி. போகும்போதும் வரும்போதும் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். எழுத்து அழிந்திருக்கிறதா என்று ஏழு வருடத்தில் இரண்டு முறை பிரித்துப் பார்ப்பார்கள். ஐரோப்பிய யூதர் வீடுகளில் இந்தக் கூடு சாய்வாக இருக்கும். ஆசாரி கோணலாக அடித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும் என்றார் ராஷி என்ற பெரிய அறிஞர். படுக்க வைக்க வேண்டும் என்றார் அவருடைய சொந்தப் பேரன் ரபேனு தாம். தாத்தாவும் பேரனும் ஒத்துப்போகவில்லை. பின்னால் வந்தவர்கள் இருவரையும் விட்டுக்கொடுக்காமல் சாய்த்து மாட்டிவிட்டார்கள். குடும்பச் சண்டைக்கு வாசலிலேயே ஒரு சமரசம் தொங்குகிறது பாருங்கள்.

சமையலறை பெரிய விஷயம். பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனிப் பாத்திரம். இதை விரித்தால் இரவாகிவிடும், தாண்டிப் போகிறேன்.

மேசை. எருசலேம் ஆலயத்தைக் கி.பி. 70-இல் ரோமர்கள் இடித்தார்கள். பலிபீடம் போயிற்று. இனி ஒவ்வொருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பலிபீடம் என்றார்கள் ரபிகள். அதனால்தான் ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், பலிக்கு உப்பிட்ட நினைவாக. வெள்ளிக்கிழமை இரவு முதலில் திராட்சை ரசத்துக்குத்தான் ஆசி சொல்வார்கள். தன்னை இரண்டாவதாக வைத்தார்களே என்று ரொட்டி வெட்கப்படக்கூடாதாம், அதுவரை அதன் மேல் துணி போட்டு மூடி வைக்கிறார்கள்.

நான் இதை நேரில் பார்த்தேன். என் மகன் இஸ்ரேலில் ரெஹோவோத் என்ற ஊரில் ஆராய்ச்சி வேலையில் இருந்தான். கூட வேலை பார்த்தவர் எங்கள் இருவரையும் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டு அம்மா இரண்டு விளக்கை ஏற்றி, கண்களைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அப்பா பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டு நடுவில் குளியலறைக்குப் போனேன். வெளியே வரும்போது கை தானாக விளக்கை அணைக்கப் போயிற்று. ‘லைட்டை அணைச்சீங்களா?’ என்று வீட்டில் முப்பது வருடம் கேட்டு வளர்ந்த கை. சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டியிருந்தது. பாவம், சுவிட்ச் உடைந்திருக்கிறது போல என்று அதைப் பக்குவமாகப் பிரித்து, அணைத்து, மறுபடி ஒட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளி மாலை தொடங்கி சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், பெயர் சபாத். அதில் விலக்கிய வேலைகள் 39 வகை. நெருப்பு மூட்டுவது அவற்றில் ஒன்று. விளக்குப் போடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். மறுநாள் இருட்டும்வரை அந்த விளக்கை அவர்கள் தொட முடியாது. போடுங்கள் என்று என்னிடம் கேட்கவும் அவர்கள் வழக்கத்தில் இடமில்லை. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சற்று நேரத்தில் பாட்டி எழுந்து குளியலறைக்குப் போனார். கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டார். மருமகள் வெளியே முதுகைக் காட்டி நின்று சத்தமாகப் பாட ஆரம்பித்தார். மேசையில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். இதுவும் ஒரு சடங்கு போல என்று நான் கைகட்டி எழுந்து நின்றேன். (சிரிப்பு.) சிரியுங்கள். அடுத்து பேரன் போனான், மறுபடி பாட்டு, மறுபடி நான் எழுந்து நின்றேன். வீடு திரும்பும் வழியில்தான் மகன் சொன்னான், “அப்பா, அது சாமி பாட்டு இல்லை. நீங்கள் லைட்டை அணைத்ததால் வந்த பாட்டு.”

அந்த வீட்டில் ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. தால்முதில் ஒரு கேள்வி வரும். ஏழை ஒருவரிடம் ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது. சபாத் நாளில் வீட்டு விளக்கை ஏற்றுவதா, ஹனுக்கா திருநாள் விளக்கை ஏற்றுவதா? வீட்டு விளக்குக்கே முதலிடம் என்கிறது. காரணம் ஷலோம் பயித், அதாவது வீட்டின் அமைதி. இருட்டில் உட்கார்ந்தால் மனம் நொந்து போகும் அல்லவா? நான் விளக்கை அணைத்துவிட்டேன். அமைதியை அவர்கள் அணையவிடவில்லை.

நமக்குப் பக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலிருந்து இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வீடுகள் அநேகமாக இல்லை.

சரி, மாடிக்கு வருவோம். நகர்மன்றத் தலைவர் அம்மா எழுந்து போவதற்குள் சொல்லிவிட வேண்டும். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்றால் எதுவரை கட்டுவது? உபாகமம் 22-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். புதுவீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவன் விழுந்து உன் வீட்டின் மேல் இரத்தப்பழி வரவேண்டாம் என்கிறது. எகிப்தில் 1204-இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் யூதச் சட்டங்களைத் தொகுத்தபோது இதை எந்தத் தலைப்பில் வைத்தார் தெரியுமா? கட்டடக் கலையில் இல்லை, கொலையும் உயிர்காப்பும் என்ற பகுதியில். உயரம் பத்துக் கையகலத்துக்குக் குறையக்கூடாது. இன்றைய கணக்கில் 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர். ஒருவர் சாய்ந்தால் தாங்க வேண்டும். முற்றத்தில் கிணறு இருந்தால் அதற்கும் அதே உயரச் சுவர் அல்லது மூடி. ஆடுகிற ஏணியை வீட்டில் வைக்காதே என்று தால்முதில் தனியாக வேறு வருகிறது. இந்தச் சுவரைக் கட்டும்போது சொல்வதற்கென்றே ஒரு ஆசிமொழி உண்டு. விளக்குக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று, செங்கல் சுவருக்கும் ஒன்று.

நம்மூரில் என்ன நடக்கிறது? “அடுத்த மாடி எடுக்கணும் சார், கம்பி விட்டிருக்கேன்” என்கிறார்கள். பத்து வருடமாகக் கம்பி துருப்பிடித்து நிற்கிறது, சுவர் இல்லை. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் பட்டம் விட்டுக்கொண்டே பின்னால் நடந்து விழுந்தான். இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்த வீடு அது. எங்கள் தெருவில் சுவரில்லாத மாடிகளை எண்ணினேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்காரர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அம்மா அவர்களே, மாடிச் சுவரைப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் முடிப்புச் சான்று கொடுக்க விடாதீர்கள். மனு தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் தேநீருக்குப் போகாதீர்கள்.

ஒன்றே ஒன்று. இந்த நூலகத்து மாடிக்கும் ஏறிப் பார்த்தேன். பின்பக்கம் சுவர் கிடையாது. தொழுகைக்கூடத்துக்கும் படிப்புக்கூடத்துக்கும் யாரும் குடியிருக்காததால் இந்தச் சுவர் கட்டாயமில்லை என்று மைமோனிடீஸே விலக்குக் கொடுத்திருக்கிறார் என நூலகர் வாதாடலாம். ஆனால் மேலே அந்த ஒற்றை அறையில் காவலாளி மனைவியோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் குடியிருக்கிறார்.