நான்காவது மாடியில் தொலைந்த 'ர்'

நடுவர் அவர்களே, அவையில் இருக்கிற பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். 'ஆங்கிலம் மாறிக்கொண்டே போவது வளர்ச்சியா, சிதைவா' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாக்குச் சோம்பேறிகள், பாதி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள், ஆகவே சிதைவுதான் என்று. கைதட்டலும் வாங்கிவிட்டார், வாங்கட்டும். ஆனால் சோம்பலா இல்லையா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்பு எழுதாமல், கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்த ஒரு மனிதர் உண்டு.

வில்லியம் லபோவ். அமெரிக்க மொழியியலாளர், 2024 டிசம்பரில் தமது 97ஆவது வயதில் காலமானார். மொழியியலுக்கு வருவதற்கு முன்னால் அச்சு மை தயாரிக்கிற வேலையில் வேதியியலாளராகப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர், அதனால் கையில் சோதனை இல்லாமல் பேசமாட்டார்.

1962இல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். சாக்ஸ் பணக்காரர்கள் போகிற கடை, மேசிஸ் நடுத்தரம், க்ளைன் மலிவு விலைக் கடை. கோட்டு, வெள்ளைச் சட்டை, டை எல்லாம் போட்டுக்கொண்டு, நான்காவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முன்னாடியே தெரிந்து வைத்துக்கொண்டு, கீழே நிற்கிற விற்பனையாளரிடம் ஒன்றும் தெரியாதவர் போல "பெண்கள் செருப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். இவர் காது கேட்காத மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்து "என்ன சொன்னீங்க?" என்பார். அவர் மறுபடியும், இந்த முறை நிறுத்தி நிதானமாக, "ஃபோர்த் ஃப்ளோர்" என்பார். லபோவ் நாலு எட்டு நடந்து, அவர் கண்ணுக்கு மறைவாகப் போய் நின்று, அந்த இரண்டு சொல்லிலும் 'ர்' ஒலித்ததா விழுங்கப்பட்டதா என்று குறித்துக்கொள்வார். செருப்பு மட்டும் வாங்கவே இல்லை!

இப்படி 264 பேர். ஒரு தடவையாவது 'ர்' சொன்னவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, க்ளைனில் 20 சொச்சம். எதிரணித் தலைவர் அண்ணன் உடனே துள்ளுவார், பார்த்தீர்களா, ஏழைக் கடையில் சோம்பல் என்று. அவசரப்படாதீர்கள் அண்ணே. 'என்ன சொன்னீங்க' என்று கேட்டதும் மேசிஸ்காரர்கள் வாயில் அந்த 'ர்' சட்டென்று கூடிவிட்டது. நாக்குக்கு முடியாமல் இல்லை, எந்த நேரத்தில் எதைச் சொன்னால் மதிப்பு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். இதே 'ர்' லண்டனில் என்ன ஆகிறது? அரண்மனை ஆங்கிலத்தில் 'ஃபோர்த்' என்பதில் 'ர்' கிடையவே கிடையாது, அதைக் கேட்டு நாம் "ஆகா, என்ன உச்சரிப்பு" என்கிறோம். நியூயார்க் செருப்புக் கடைக்காரர் விழுங்கினால் சோம்பேறி, லண்டன் சீமான் விழுங்கினால் நாகரிகமா? நியூயார்க்கிலேயே இரண்டாம் உலகப் போருக்கு முன்பு 'ர்' இல்லாத பேச்சுக்குத்தான் மவுசு, போருக்குப் பிறகு தலைகீழ். எழுத்து ஒன்றுதான், அதற்குப் போட்ட மார்க்குதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

நியூயார்க் கடைகளில் ஏறி இறங்கியதற்கு முந்தின வருடம், லபோவ் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற அமெரிக்கத் தீவுக்குப் போயிருந்தார். கோடையானால் வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து குவிகிற இடம். அங்கே 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் ஒரு பழைய உயிரொலி இருந்தது. தீவை விட்டுப் போகவேண்டும் என்று நினைத்த இளைஞர்கள் அதைக் கைவிட்டார்கள், இங்கேயே மீன் பிடித்து வாழ்வோம் என்று நின்றவர்களிடம் அது இன்னும் அழுத்தமாக ஏறியது. 'நான் இந்த மண்ணுக்காரன்' என்பதை ஒரு உயிரெழுத்தில் சொல்லியிருக்கிறார்கள், இதில் எங்கே வந்தது சோம்பல்?

1980களில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வழக்கு. விமானத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் விட்டதாக நியூயார்க்காரரான ஒரு சரக்கு ஊழியரைப் பிடித்துவிட்டார்கள். ஒலிநாடாவைக் கேட்ட லபோவ், மிரட்டியவன் வாயில் 'பாம்' என்பதிலும் 'ஆஃப்' என்பதிலும் உயிரொலி ஒன்றாக இருக்கிறது, அது பாஸ்டன் பக்கத்துப் பேச்சு, நியூயார்க்காரர் வாயில் இரண்டும் வேறு வேறு என்று நீதிமன்றத்தில் காட்டினார். அந்த ஊழியர் விடுதலையானார். எதிரணி சொல்கிறபடி இது ஒழுங்கில்லாத சிதைவு என்றால், அதைச் சாட்சியாக வைத்து ஒரு மனிதனை வெளியே கொண்டுவர முடியுமா?

மணி அடிக்கப் போகிறார்கள், கடைசியாக ஒன்று. அண்ணன் பேசும்போது எத்தனை தடவை 'யூ' என்றார், எண்ணினேன், ஏழு. ஒருவரை அழைக்க ஆங்கிலத்தில் 'தௌ' என்று ஒரு சொல் இருந்தது, 'யூ' பலரை அழைக்கிற சொல். 17ஆம் நூற்றாண்டில் ஒற்றை ஆளைப் போய் 'யூ' என்பதா, இது தப்பு என்று ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற, குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவின் தலைவர் சண்டையே போட்டார். அந்தக் கணக்கில் அண்ணன் பேசியதே சிதைந்த ஆங்கிலம்தான். அடுத்து வருகிற எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் நாக்குச் சோம்பலுக்கு வரட்டும்.