பெரிய ரெப்போல எத மாத்துனா எது உடையும்? வொர்க்ஸ்பேஸ் மேப் போடலாம் வாங்க

[திரை: ஒரு ரெப்போவோட ஃபோல்டர் லிஸ்ட், கீழ வரைக்கும் ஸ்க்ரோல் ஆகுது]

வணக்கம் மக்களே, பாண்டில இருந்து பேசுறேன். புதுசா வேலைக்கு சேந்த பசங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணா, ஒரே ரெப்போல இவ்ளோ ஃபோல்டர் இருக்கு, ஒரு ஃபைல தொட்டா எங்கெங்க உடையும்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?" ரொம்ப நியாயமான கேள்வி. ரெப்போன்னா ப்ராஜெக்டோட கோடு மொத்தமும் இருக்குற இடம். பதில் என்னன்னா ஒரு மேப் போடணும், ஆனா ஃபோல்டர பாத்து போடக்கூடாது. நம்ம புதுச்சேரி மாவட்டமே ஒரே துண்டா இல்ல, நடுநடுவுல விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊருங்க வந்துட்டு போகும், அந்த எல்லைக் கோட்ட மட்டும் வெச்சிகிட்டு எந்த ஊர்க்காரங்க எந்த சந்தைக்கு போறாங்கன்னு சொல்ல முடியுமா? முடியாதுல்ல, ஃபோல்டரும் அதே மாதிரி தான்.

வொர்க்ஸ்பேஸ்னா என்னன்னு வேகமா சொல்லிடுறேன். ஒரே ரெப்போ, உள்ள நிறைய பேக்கேஜ், அதாவது தனித்தனி கோடு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் தனி பேக்கேஜ் ஜேசன் ஃபைல், அதுல அதோட பேர், வெர்ஷன், அதுக்கு எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு எழுதியிருக்கும். யார்ன், என்பிஎம், பீஎன்பிஎம் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ற டூல்ஸ். யார்ன்ல இது 2017ல வந்துச்சு, என்பிஎம்ல 7வது வெர்ஷன்ல, 2020ல. பீஎன்பிஎம்னா இதுக்குன்னு தனியா ஒரு யாமல் ஃபைல் இருக்கும். கூகுள் மாதிரி இடத்துல 2015 ஜனவரி கணக்குப்படியே ஒரே ரெப்போல சுமார் 200 கோடி வரி கோடு, 86 டெராபைட். அந்த அளவுக்கு நம்ம ரெப்போ போகாது, ஆனா இருபது பேக்கேஜ் தாண்டுனாலே யாராலயும் மனசுல வெச்சிக்க முடியாதுங்க.

[திரை: ஏலம் ஆப், பில் ஆப், எடை கணக்கு, யூஐ கிட், நாலு பெட்டி]

கடலூர் ஓ.டி. துறைமுகத்துல மீன் ஏலத்துக்கு ஒரு ஆப் பண்றோம்னு வெச்சிக்கோங்க. ஏலம் ஆப், பில் ஆப், ரெண்டுக்கும் பொதுவா எடை கணக்குன்னு ஒரு பேக்கேஜ், அப்புறம் பட்டன் மாதிரி திரைல தெரியுறதுக்கு யூஐ கிட்.

முதல்ல மேப்ல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு புள்ளி வெக்கணும். ரூட்ல, அதாவது ரெப்போவோட மேல்மட்ட ஃபோல்டர்ல இருக்குற பேக்கேஜ் ஜேசன்ல வொர்க்ஸ்பேஸஸ்னு ஒரு லைன் இருக்கும், அதுல பேக்கேஜஸ் ஸ்லாஷ் ஒத்த ஸ்டார்னு போட்டிருந்தா ஒரு லெவல் வரைக்கும் தான் எடுக்கும், அதுக்கும் உள்ள ஒரு ஃபோல்டர்ல இருக்குற பேக்கேஜ் லிஸ்ட்லயே வராது, இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. புள்ளிக்கு பேர் வெக்கும்போது ஃபோல்டர் பேர எடுக்காதீங்க, நேம்னு இருக்குற ஃபீல்ட எடுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

[திரை: பில் ஆப்போட டிபெண்டன்சீஸ் பகுதி பெருசாகுது]

அடுத்து அம்பு, எந்த பேக்கேஜ் எத நம்பியிருக்கோ அந்தப் பக்கம். பேக்கேஜ் ஜேசன்ல டிபெண்டன்சீஸ் (ஓடுறதுக்கு வேண்டியது), டெவ் (டெவலப் பண்ண மட்டும் வேண்டியது), பியர் (நம்ம பேக்கேஜ யூஸ் பண்றவங்க தர வேண்டியது), எல்லாத்தையும் படிங்க, அதுல நம்ம புள்ளி லிஸ்ட்ல இருக்குற பேர் வந்தா மட்டும் அம்பு போடுங்க, டெவ்வுக்கு தனி கலர். இங்க பாருங்க, பில் ஆப்ல எடை கணக்கு வெர்ஷன் 1னு எழுதியிருக்கு, ஆனா ரெப்போக்குள்ள இருக்குற எடை கணக்கு இப்ப வெர்ஷன் 2. என்பிஎம் என்ன பண்ணும்னா ரேஞ்ச் பொருந்தலன்னு பக்கத்துல இருக்குறத விட்டுட்டு ரெஜிஸ்ட்ரில, அதாவது பேக்கேஜ் எல்லாம் பப்ளிஷ் ஆகுற ஆன்லைன் இடத்துல போய் பழசத் தேடும். பழசு அங்க பப்ளிஷ் ஆகியிருந்தா சத்தமே இல்லாம அது வந்து உக்காந்துக்கும், நீங்க கிலோவ ரவுண்ட் பண்றத சரி பண்ணியிருப்பீங்க, பில்லுல பழைய கணக்கே ஓடிட்டு இருக்கும். அதனால பேர் பொருந்துதான்னு மட்டும் பாக்காதீங்க, வெர்ஷனையும் பாத்து, பொருந்தாத அம்ப சிவப்பாக்குங்க. பீஎன்பிஎம்ல வொர்க்ஸ்பேஸ் கோலன் ஸ்டார்னு எழுதிட்டா உள்ள இருக்குறத தான் எடுக்கும், இல்லன்னா இன்ஸ்டாலே நின்னுடும். எனக்கு அது தான் நிம்மதி.

இன்னொரு ஆபத்து, எழுதாமலே ஓடுற டிபெண்டன்சி. என்பிஎம் இன்ஸ்டால் பண்றதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் ரூட்ல இருக்குற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல தூக்கி வெச்சிடுறதால ஏலம் ஆப் தன்னோட ஜேசன்ல சொல்லாத ஒரு பேக்கேஜையும் இம்போர்ட் பண்ண முடியும், வேலையும் செய்யும், ஆனா ஜேசன வெச்சி போட்ட மேப்ல அந்த அம்பு இருக்காது. அதுக்கு சோர்ஸ் ஃபைல்ல இருக்குற இம்போர்ட்டையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு லிஸ்டையும் ஒப்பிட்டே ஆகணும்.

[திரை: அம்புங்க எல்லாம் திரும்புது]

இப்ப முக்கியமான விஷயம், அம்ப திருப்பி படிக்கிறது. எடை கணக்கு யார நம்பியிருக்குன்றத விட, எடை கணக்க யாரெல்லாம் நம்பியிருக்காங்கன்றது தான் உங்களுக்கு வேணும். பீஎன்பிஎம்மோட ஃபில்டர் ஆப்ஷன்ல பேக்கேஜ் பேருக்கு முன்னாடி மூணு டாட் (...) வெச்சா அது தான் வரும், நேரடியா நம்பியிருக்குறவங்க, அவங்கள நம்பியிருக்குறவங்கன்னு கடைசி வரைக்கும். பின்னாடி வெச்சா எதிர்ப்பக்கம். ரஸ்ட் லாங்குவேஜ் பக்கம் கார்கோ ட்ரீ கமாண்ட்ல இன்வர்ட்னு ஒரு ஆப்ஷன், அதே வேலை தான். எல்லா டெஸ்டையும் ஓட விடாம, மாத்துன பேக்கேஜையும் இந்த லிஸ்டையும் மட்டும் ஓட விட்டாலே சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானா பில்டும் டெஸ்டும் ஓட்டுறது) நேரம் நல்லா குறையும்.

மேப்ல வட்டம் தெரிஞ்சா மட்டும் விட்றாதீங்க. யூஐ கிட் எடை கணக்க கூப்பிடுது, எடை கணக்கு தமிழ் லேபிளுக்காக யூஐ கிட்ட கூப்பிடுதுன்னா எத முதல்ல பில்ட் பண்றதுன்னு வரிசையே கிடைக்காது. அந்த லேபிள் ஃபைல மட்டும் மூணாவதா ஒரு பேக்கேஜா பிரிச்சி வெச்சிடுங்க, ரெண்டும் அதையே கூப்பிடட்டும்.

[திரை: என்எக்ஸ் கிராஃப் ஓடுது]

படம் வரையிறதுக்கு என்எக்ஸ், டர்போரெப்போ மாதிரி ரெப்போ டூல்ஸ்ல கிராஃப் வசதி ரெடியா இருக்கு, ஆனா மொத தடவ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நீங்களே எழுதி பாருங்கப்பா. ஜேசன படிச்சி, பேர் லிஸ்ட் எடுத்து, அம்பு போடுறது தான். எழுதுனத சிஐல மாட்டி, சிவப்பு அம்போ வட்டமோ வந்தா பில்ட நிறுத்துற மாதிரி வெச்சிடுங்க.